கொசு யாரை, எங்கே, எப்போது கடிக்கிறது? மொரிஷியஸ் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்ட கேள்விகள்

அண்டைத் தீவான ரியூனியனில் 2024 ஆகஸ்டில் தலைகாட்டிய சிக்குன்குனியா, 2025இல் நம் மொரிஷியஸிலும் பரவத் தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவந்த பெற்றோர் வகுப்பு முடியும்வரை காத்திருந்து என்னிடம் கேள்விகள் கேட்டார்கள். பல ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்தவன் என்பதால் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் பெரும்பாலானவை, கொசு எவரிடம் இரத்தம் குடிக்கிறது, எந்த வேளையில், எந்த இடத்தில் குடிக்கிறது என்ற ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. நோய்த் தடுப்பு முயற்சிகளில் எது பலிக்கும், எது வீணாகும் என்பதைத் தீர்மானிப்பதும் அந்தப் பழக்கமே என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு நம் தீவின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை. ஆகவே கேள்விகளையும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாக் கொசுக்களும் இரத்தம் குடிக்குமா?

குடிக்காது. ஆண் கொசு வாழ்நாள் முழுவதும் பூந்தேனையும் செடிகொடிகளின் சாற்றையும் உண்டே வாழ்கிறது. பெண் கொசுவும் பறப்பதற்கு வேண்டிய ஆற்றலைப் பெரும்பாலும் அந்த இனிப்பிலிருந்துதான் பெறுகிறது. ஆனால் வயிற்றில் முட்டைகள் வளர்வதற்குப் புரதம் வேண்டும். அதற்காகவே அது இரத்தத்தை நாடுகிறது. இரத்தம் குடித்த பெண் கொசு ஓர் இடத்தில் ஒதுங்கி, வெப்பமான பருவமாக இருந்தால் இரண்டு மூன்று நாள்களில் அதைச் செரித்து, முட்டையிட்டு, பிறகு அடுத்த வேளை இரத்தத்தைத் தேடிப் புறப்படும். குடித்தல், ஒதுங்குதல், முட்டையிடுதல் என்ற இந்தச் சுழற்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விடைகள் பலவும் அதை ஒட்டியவை.

கொசு கடிக்கும்போது தோலுக்குள் என்ன நடக்கிறது?

வெளியே ஒரே ஊசியைப் போலத் தெரிவது உண்மையில் ஓர் உறை. அதற்குள் மெல்லிய ஊசி போன்ற ஆறு உறுப்புகள் இருக்கின்றன. கடிக்கும்போது உறை பின்னால் வளைந்து தோலின்மேல் தங்கிவிட, ஆறு ஊசிகளும் உள்ளே இறங்கி இரத்தக் குழாயைத் துழாவித் தேடுகின்றன. அவற்றுள் ஒன்றன் வழியே உமிழ்நீர் நம் உடலுக்குள் செல்கிறது. இன்னொன்றன் வழியே இரத்தம் கொசுவுக்குள் செல்கிறது. உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்களும் இரத்தக் குழாயை விரியச் செய்யும் பொருள்களும் உள்ளன. கடித்த இடம் தடித்து அரிப்பது, அந்த உமிழ்நீரை நம் உடல் எதிர்ப்பதன் விளைவு. ஒரு வேளையில் கொசு குடிக்கும் இரத்தம் ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரோலிட்டர்தான் என்றாலும், அது கொசுவின் சொந்த எடைக்கு நிகரானது அல்லது அதையும் மிஞ்சியது.

கொசு நோயைக் கொடுப்பது குடிக்கும் இரத்தத்தினால் அன்று, உட்செலுத்தும் உமிழ்நீரினால் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எய்ட்ஸ் கொசுவால் பரவுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்ட ஒரு தாய்க்கும் இதுவே விடை. அந்த நோயின் வைரஸ் கொசுவின் வயிற்றில் பெருகாமல் செரித்து அழிந்துவிடுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியை அது சென்றடைவதே இல்லை. ஆகவே பரவாது.

ஒரு கொசு ஒரே ஒரு முறை கடித்தால் மலேரியா வந்துவிடுமா?

நோயுள்ள கொசு கடித்தால் வரலாம். ஆனால் அந்தக் கொசு முதலில் நோயுள்ள ஒரு மனிதரைக் கடித்திருக்க வேண்டும். பிறகு மலேரியா ஒட்டுண்ணி அதன் உடலுக்குள் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் ஆகும். அதுவரை கொசு உயிரோடு இருக்க வேண்டும். அதற்குப் பின்னரும் அது இன்னொரு மனிதரைக் கடிக்க வேண்டும். ஒரு நோய் பரவ, மனிதரை இருமுறை கடித்தாக வேண்டும் என்பதே இதன் சாரம்.

எளிமையாகத் தோன்றும் இந்த உண்மையை உலகம் எளிதில் கண்டுபிடித்துவிடவில்லை. சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணிபுரிந்த பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் கண்டார். அது மகத்தான கண்டுபிடிப்பு. ஆனால் கொசு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இரத்தம் குடிக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். ஆகவே கொசு தண்ணீரில் விழுந்து இறக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்ற தவறான முடிவுக்குச் சென்றார். உணவுப் பழக்கம் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால், நோய் பரவும் வழி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அவருக்குப் புலப்படவில்லை.

அவர் ஊக்குவித்த ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் குடித்த அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளையும் கியூலெக்ஸ் கொசுக்களையும் கொண்டு ஆய்ந்து, ஒட்டுண்ணி உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்வதையும், கடியின் வழியே அது பரவுவதையும் மெய்ப்பித்தார்.

நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அதே ராஸ் 1907 நவம்பரில் மொரிஷியஸுக்கு வந்து, 1908 தொடக்கம்வரை தங்கி, இங்குள்ள மலேரியாவை ஆராய்ந்தார். 1908இல் வெளியான அவருடைய மொரிஷியஸ் அறிக்கையில், கொசுக்களின் எண்ணிக்கைக்கும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைக் கணக்காக எழுதிப் பார்த்தார். பிற்காலத்தில் ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற மலேரியா ஆய்வாளர் அந்தக் கணக்கை விரிவுபடுத்தினார். இருமுறை கடிக்க வேண்டியிருப்பதால், மனிதரைக் கடிக்கும் பழக்கம் கணக்கில் இருமுறை பெருக்கப்படுகிறது. மனிதரைக் கடிப்பது பாதியாகக் குறைந்தால் நோய் பரவும் வலிமை கால் பங்காகும். பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நூற்றில் ஒன்றாகும். கொசுவைக் கொல்வது மட்டுமே வழி என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். நோய்த் தடுப்பியலின் அடித்தளங்களுள் ஒன்றான இது நம் கரும்புக் காட்டு ஊர்களைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கொசு யாருடைய இரத்தத்தைக் குடித்தது என்பதை எப்படி அறிகிறார்கள்?

இரத்தம் குடித்து ஒதுங்கியிருக்கும் கொசுக்களை வீட்டுச் சுவர்களிலிருந்தும் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் புதர்களிலிருந்தும் உறிஞ்சுகுழாயால் பிடித்து, வயிற்றில் உள்ளதைச் சோதிக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வீழ்படிவுச் சோதனை இருந்தது. மனித இரத்தத்தோடு மட்டும் வினைபுரியும் எதிர்ப்பொருள் நீர்மத்தைச் சேர்த்தால், உள்ளே இருப்பது மனித இரத்தமானால் வெண்மையாகப் படியும். மாட்டுக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று எனத் தனித்தனி நீர்மங்கள் இருந்தன. பின்னர், எதிர்ப்பொருளைக் கொண்டே செய்யும் எலிசா என்ற சோதனை வந்தது. இப்போது இரத்தத்தில் உள்ள மரபணுத் துண்டுகளைப் படித்து, எந்த விலங்கு என்பதைத் துல்லியமாகச் சொல்கிறார்கள். ஒரே கொசுவின் வயிற்றில் இருவேறு விலங்குகளின் இரத்தம் கலந்திருந்தாலும் தெரிந்துவிடுகிறது. ஆனால் இரண்டு மூன்று நாள்களுக்குள் சோதித்துவிட வேண்டும். அதற்குள் கொசு எல்லாவற்றையும் செரித்துவிடும்.

இதில் எங்கே பிடிக்கிறோம் என்பது மிக முக்கியம். வீட்டுக்குள் பிடித்த கொசுக்களை மட்டும் சோதித்துவிட்டு, இந்த இனம் மனித இரத்தத்தையே குடிக்கிறது என்று சொன்னால் அது பிழை. கொட்டிலில் மட்டும் பிடித்துவிட்டு மாட்டையே கடிக்கிறது என்று சொன்னாலும் பிழைதான். நல்ல ஆய்வாளர் எல்லா இடங்களிலும் பிடிப்பார். அந்த ஊரில் எத்தனை மனிதர், எத்தனை மாடு, எத்தனை நாய் என்பதையும் எண்ணி வைத்துக்கொள்வார். விருப்பம் வேறு, வாய்ப்பு வேறு. மாடுகள் மிகுந்த ஊரில் மாட்டைக் கடிக்கும் கொசு, மாடே இல்லாத ஊரில் மனிதரைக் கடிக்கும்.

மொரிஷியஸில் மலேரியா ஒழிந்ததற்கும் கொசுவின் உணவுப் பழக்கத்துக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே விடை சொல்ல வேண்டும்.

நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கு வந்து இறங்கத் தொடங்கிய 1830களில் இந்தத் தீவில் மலேரியா பரவியிருக்கவில்லை. 1860களின் நடுவில் அது வந்து சேர்ந்தது. 1867இல் பல்லாயிரக்கணக்கானோர் அதனால் மாண்டார்கள். போர்ட் லூயிஸ் நகரில் வசதியுடையோர் குளிர்ந்த மேட்டு நிலத்துக் க்யூர்ப்பிப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். கூலிக் குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்போது கெட்ட காற்றினால் வரும் காய்ச்சல் என்றே அதைக் கருதினார்கள். அதைப் பரப்பிய கொசுக்கள் இரண்டு: ஒன்று அனாபிலிஸ் ஃபியூனெஸ்டஸ், மற்றொன்று அக்காலத்தில் அனாபிலிஸ் காம்பியே என்று அழைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949 முதல் 1951 வரை, தீவெங்கும் வீடுகளின் உட்சுவர்களில் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி மருந்து தெளிக்கப்பட்டது. அதன் கணக்கு எளியது: கொசு வீட்டுக்குள் வந்து, தூங்கும் மனிதரைக் கடித்து, வயிறு கனத்துச் சுவரில் அமரும், சுவரில் உள்ள மருந்து அதைக் கொல்லும். ஃபியூனெஸ்டஸ் கொசுவின் பழக்கம் இதற்கு அப்படியே பொருந்தியது. அது மனித இரத்தத்தையே பெரிதும் விரும்பும், வீட்டுக்குள்ளேயே கடிக்கும், வீட்டுக்குள்ளேயே ஒதுங்கும். ஆகவே அது இந்தத் தீவிலிருந்து முற்றாக மறைந்துபோனது.

காம்பியே என்று அழைக்கப்பட்ட கொசுவோ தப்பியது. அதே வீடுகள், அதே மருந்து, அதே ஆண்டுகள். ஆனால் விளைவு வேறு. இந்தக் கொசு மாட்டையும் கடித்தது, வெளியில் கடித்தது, வெளியிலேயே ஒதுங்கியது. மருந்து பூசிய சுவரை அது தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் எழவில்லை. காரணம் பின்னர்தான் முழுமையாக விளங்கியது. காம்பியே என்ற ஒரே பெயருக்குள், கண்ணால் பிரித்தறிய முடியாத பல இனங்கள் அடங்கியிருப்பதை 1960களில் நடந்த கலப்பினச் சோதனைகள் வெளிப்படுத்தின. ஒன்று மனிதரையே நாடுவது. இன்னொன்று விலங்கையே நாடுவது. வேறொன்று இரண்டையும் நாடுவது. நம் தீவில் இருப்பது அந்த மூன்றாவது வகையான அனாபிலிஸ் அராபியென்சிஸ். உருவத்தில் ஒன்றாகவும் உணவில் வேறாகவும் இருந்த பூச்சிகளை உணவுப் பழக்கமும் காட்டிக்கொடுத்தது என்று சொல்வது மிகையாகாது.

இருந்தும் மலேரியா ஒழிந்தது. மாட்டையும் கடிக்கும் கொசு என்பதால் மேலே சொன்ன கணக்கின்படி அதன் பரப்பும் வலிமை குறைவு. நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தும், நீர் தேங்கும் இடங்களைப் பராமரித்தும் எஞ்சிய பரவலை நிறுத்த முடிந்தது. 1973இல் உலக சுகாதார நிறுவனம் மொரிஷியஸை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. ஆனால் தப்பிய கொசு இங்கேதான் இருந்தது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் அடித்த பிறகு மலேரியா மீண்டும் தலைதூக்கியது. 1982இல் உச்சத்தைத் தொட்டது. மறுபடி பல ஆண்டுகள் பாடுபட்ட பின், 1990களின் இறுதியில்தான் உள்ளூர்ப் பரவல் நின்றது. இன்று விமான நிலையத்தில் இறங்கும் பயணிகள் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டு, மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருவோரைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்தம் எடுத்துச் சோதிப்பதன் காரணம் இதுவே. அதைத் தொல்லை என்று கருதாமல் கை நீட்டுங்கள். அராபியென்சிஸ் இன்னமும் நம்மோடு இருக்கிறது. நம் வீடுகளின் தட்டையான சிமெண்டுக் கூரைகளில், அடுத்த மாடி கட்டுவதற்காக விட்டுவைத்த கம்பிகளைச் சுற்றித் தேங்கும் மழைநீரிலும் அது பெருகும்.

அப்படியானால் வீட்டருகே மாடு கட்டினால் கொசு நம்மை விட்டுவிடுமா?

சில இடங்களில் விலங்குகள் கொசுவை மனிதரிடமிருந்து திசைதிருப்பியுள்ளன. வேறு சில இடங்களில், எளிதாகக் கிடைத்த இரத்தத்தால் கொசுக்கள் பெருகி, மனிதருக்கும் கடி கூடியுள்ளது. தொழுவம் படுக்கையறையிலிருந்து தள்ளி இருக்கிறதா, கொசுவின் இனம் எது என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறும். கொசுவுக்காக மாடு வாங்க வேண்டாம்.

சிக்குன்குனியாவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது ஏன்?

அது வேறு பழக்கம் உடையது. கறுப்பு உடலும் வெள்ளைக் கோடுகளும் கொண்ட ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசு ஆசியக் காடுகளிலிருந்து வந்தது. மரப்பொந்தில் தேங்கிய நீரில் பெருகிப் பகல் வெளிச்சத்தில் விலங்குகளைக் கடித்து வாழ்ந்த அது, மனிதர் வாழும் இடங்களில் வாளியையும் பூந்தொட்டியையும் மரப்பொந்தாக ஏற்றுக்கொண்டது.

2005இலும் 2006இலும் வந்த பெரும் பரவலில், ஏறத்தாழ 7,70,000 மக்கள் வாழ்ந்த ரியூனியனில் மூன்றில் ஒருவருக்கு மேல், சுமார் 2,66,000 பேர் நோயுற்றனர். நம் தீவிலும் ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். அவர்களுள் என் தாயாரும் ஒருவர். கைலாசர் கோயில் படியை ஏற முடியாமல் கீழேயே நின்று கும்பிட்டுத் திரும்பிய அவருடைய முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூட்டுவலியால் உடல் குனிந்து போவதைக் குறிக்கும் கிழக்கு ஆப்பிரிக்க மக்கோண்டே மொழிச் சொல்லே சிக்குன்குனியா என்பதை அப்போதுதான் அறிந்தேன். அந்த வைரஸின் மேலுறைப் புரதத்தில், 226ஆம் இடத்தில், அலனின் என்ற அமினோ அமிலம் வாலினாக மாறியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த ஒரே மாற்றம் புலிக்கொசுவின் உடலில் வைரஸ் பெருகுவதை மிகவும் எளிதாக்கியது.

அந்தப் பரவலின் படிப்பினையாக, ரியூனியனில் புலிக்கொசுவின் உணவுப் பழக்கத்தை முறையாக ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பகலில் அது இருமுறை சுறுசுறுப்பாக இருக்கிறது, பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கடிக்கிறது, வெளியிலேயே ஒதுங்குகிறது, பல விலங்குகளைக் கடிக்கக் கூடியதாயினும், மனிதரும் விலங்கும் அருகருகே இருந்தால் மனிதரையே நாடுகிறது என்பவை அதில் தெரியவந்தன. மலேரியாவைப் பரப்ப அனாபிலிஸ் கொசு பத்து நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்; சிக்குன்குனியாவைப் பரப்பப் புலிக்கொசு சில நாள்களே காத்திருந்தால் போதும். மேலும் புலிக்கொசு நாம் தட்டிவிட்டால் பறந்து, அருகில் இருப்பவரிடம் சென்று மீதியைக் குடிக்கும். ஒரு வேளை உணவுக்கு இருவரையோ மூவரையோ கடிப்பதால், ஒரே வீட்டில் தாத்தா, மகன், பேத்தி என அடுத்தடுத்துப் படுக்கிறார்கள்.

இந்தக் கொசுவுக்குக் கொசுவலையும் வீட்டுக்குள் தெளிக்கும் மருந்தும் பயன்படாதா?

இரவில் வலை கட்டுவது மலேரியாவுக்கும், இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசுவுக்கும் உரிய சிறந்த தடுப்பு. சிக்குன்குனியாவுக்கு அது போதாது. காலையிலும் பிற்பகலிலும் லாக்கூர் என்று நாம் கிரியோலில் சொல்லும் வீட்டு முற்றத்தில் செடிக்கு நீர் ஊற்றும்போதும், துணி உலர்த்தும்போதும் கடிக்கும் கொசுவை இரவு வலை எப்படித் தடுக்கும்? பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும், காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கும் மட்டும் பகலிலும் வலை கட்டுங்கள். காய்ச்சல்காரருக்குக் கட்டுவது அவருக்காக மட்டும் அன்று. அவர் இரத்தத்தைக் கொசு குடித்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்லாமல் இருப்பதற்காகவும்தான்.

பக்கத்தில் உட்கார்ந்தவரை விட்டுவிட்டு என்னை மட்டும் கடிப்பது ஏன்?

பலர் சிரித்துக்கொண்டே கேட்டாலும் இது ஆய்வாளர்கள் மிகுந்த அக்கறையோடு ஆராயும் கேள்வி. கொசு முதலில் நம் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவைத் தொலைவிலிருந்தே உணர்கிறது. நெருங்க நெருங்கத் தோலின் மணமும், உடல் வெப்பமும், ஈரப்பதமும், கண்ணுக்குத் தெரியும் கருமையான உருவமும் அதற்கு வழிகாட்டுகின்றன. இவற்றுள் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவது தோலின் மணம்.

2022இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பலரை நைலான் உறையைக் கையில் அணிந்திருக்கச் செய்து, மணம் ஏறிய அந்த உறைகளை புலிக்கொசுவுக்கு உறவான ஏடிஸ் எஜிப்டை கொசுக்களின் முன் இணை இணையாக வைத்துப் பார்த்தார்கள். தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் மிகுதியாகச் சுரப்பவர்களின் உறைகளையே கொசுக்கள் நாடின. காலம் கடந்து மறுபடி சோதித்தபோதும் அதே நபர்களையே நாடின. இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் கொசுவைக் கவர்வதிலும் ஒத்திருப்பதைக் காட்டியது. ஆகவே இதில் பிறப்பின் பங்கும் உண்டு. கருவுற்ற பெண்களை மலேரியாக் கொசு ஏறத்தாழ இருமடங்கு நாடுவதைக் காம்பியா நாட்டு ஆய்வு 2000இல் காட்டியது. வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இதை மனத்தில் வையுங்கள். பர்க்கினா ஃபாசோவில் பீர் குடித்தவர்களை மலேரியாக் கொசு கூடுதலாக நாடியதையும் 2010இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனிப்பான இரத்தம் உள்ளவரைக் கொசு தேடி வரும் என்பது நம் வீடுகளில் வழங்கும் நம்பிக்கை. கொசு இரத்தத்தைத் தொலைவிலிருந்து மோப்பம் பிடிப்பதில்லை. மூச்சையும் தோலையுமே முகர்கிறது. பூண்டு தின்பதும், வைட்டமின் பி1 மாத்திரை விழுங்குவதும், ஒலி எழுப்பும் கருவியை மாட்டி வைப்பதும் கடியைத் தடுப்பதில்லை. டீட், பிகாரிடின் போன்ற பூச்சிவிரட்டிகளைத் தோலில் பூசுவது தடுக்கும்.

கொசுவைத் தவிர வேறு பூச்சிகளின் உணவுப் பழக்கம் நம் தீவைப் பாதித்ததுண்டா?

உண்டு. 1902இல் சுர்ரா என்னும் நோய் இங்குள்ள குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் மாடுகளையும் கொன்று குவித்தது. அதைப் பரப்பியது ஸ்டோமாக்ஸிஸ் என்னும் கடி ஈ. இந்த ஈயில் ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். கடி வலிக்கும் என்பதால் விலங்கு வாலால் அடித்து விரட்டும். பாதி குடித்த ஈ, வாய் உலர்வதற்குள் அடுத்த விலங்கின்மேல் அமர்ந்து மீதியைக் குடிக்கும். வாயில் ஒட்டியிருந்த ஒட்டுண்ணி அப்படியே அடுத்த உடலுக்குள் செல்லும். கொசுவின் உடலில் மலேரியா வளர்வதைப் போன்ற வளர்ச்சி எதுவும் இங்கே இல்லை. உணவு இடையில் தடைபடுவதே இதில் நோய் பரவக் காரணம். கரும்பு வண்டிகளை இழுக்க விலங்கு இல்லாமல் போனதால் தோட்டங்கள் சிறிய இருப்புப் பாதைகளை நாடின.

1899இல் இங்கு வந்த பிளேக் நோயும் எலித் தெள்ளுப்பூச்சியால் பரவியது. பிளேக் கிருமி தெள்ளுப்பூச்சியின் தொண்டையில் பெருகி அடைத்துக்கொள்வதை 1914இல் லண்டனில் கண்டறிந்தார்கள். அடைபட்ட பூச்சிக்குப் பசி தீராது. தீராத பசியால் மீண்டும் மீண்டும் கடிக்கும். கடிக்கும்தோறும் விழுங்க முடியாத இரத்தத்தைக் கிருமியோடு திருப்பிக் கக்கும்.

ஆய்வுக்காக மனிதர்களைக் கடிக்க விடுகிறார்களா?

நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. ஒருவர் முழங்கால்வரை காலைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். கொசு வந்து அமர்ந்ததும், அது குடிப்பதற்கு முன் உறிஞ்சுகுழாயால் பிடித்துவிடுவார். மணிக்கு எத்தனை, வீட்டுக்குள் எத்தனை, வெளியே எத்தனை என்று இரவு முழுவதும் எண்ணுவார்கள். மனிதரை எந்தக் கொசு எப்போது கடிக்கிறது என்பதை இதைப் போல நேராகச் சொல்லும் முறை வேறில்லை. ஆயினும், தடுப்பூசியோ மருந்தோ இல்லாத நோய் பரவும் காலத்தில் கூலி கொடுத்து ஒருவரை அப்படி உட்கார வைப்பது முறையன்று என்பதே என் கருத்து. கரியமில வாயுவும் தோல் மணமும் வெளியிடும் பொறிகள், இரட்டை வலைக்குள் ஆளை அமர்த்தும் முறை, ஆய்வகத்தில் மெல்லிய சவ்வுக்குப் பின்னால் வெதுவெதுப்பான இரத்தத்தை வைத்து ஊட்டும் கருவி ஆகியவை அந்த இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு வருகின்றன.

மலட்டுக் கொசுக்களை வெளியே விடுகிறார்கள் என்கிறார்களே, அவை கடிக்காதா?

விடப்படுபவை ஆண் கொசுக்கள். அவை கடிக்கவே முடியாதவை. கதிரியக்கத்தால் மலடாக்கப்பட்ட அந்த ஆணோடு கூடிய பெண் இடும் முட்டைகள் பொரிப்பதில்லை. பெண் புலிக்கொசு பெரும்பாலும் ஒரே முறை கூடுவதால் இந்த முறைக்குப் பலன் உண்டு. நம் தீவின் வடகிழக்கே பஞ்சவடி என்ற சிற்றூரிலும், ரியூனியனில் சேன் மரி ஊரின் துய்பார்க் பகுதியிலும் இதைச் சோதித்தார்கள். ஆணும் பெண்ணும் வேறு வேறு உணவு உண்பவை என்ற பழைய அறிவே இதற்கு அடிப்படை.

கோயிலிலும் வீட்டிலும் நாங்கள் செய்யக்கூடியது என்ன?

புலிக்கொசு பறக்கும் தொலைவு மிகக் குறைவு. உங்களைக் கடித்த கொசு பெரும்பாலும் உங்கள் முற்றத்திலோ அடுத்த முற்றத்திலோ பிறந்தது. தைப்பூசக் காவடி வருவது சனவரி, பிப்ரவரி மாதங்களில்; அது வெப்பமும் மழையும் சேர்ந்த பருவம். 2006இல் சிக்குன்குனியா உச்சத்துக்கு ஏறியதும் அதே பருவத்தில்தான். விரதம் இருப்போர் வெறுங்காலோடும் திறந்த உடலோடும் பகலில்தான் நடக்கிறார்கள். கோயிலில் உடைத்த தேங்காய் மூடிகளும், அகல் விளக்குகளும், பூக்குவளைகளும் மழையில் நனையும்படி கிடந்தால் அவை ஒவ்வொன்றும் ஒரு தொட்டில். பூசை முடிந்த அன்றே மூடிகளைத் திரட்டி அகற்றுவதைக் கோயில் தொண்டின் ஒரு பகுதியாக்கினால் நன்று என்று எங்கள் ஊர்க் கோயிலில் சொல்லியிருக்கிறேன். இளைஞர்கள் இரு ஆண்டுகளாக அதைச் செய்கிறார்கள்.

வீட்டில் வாரம் ஒரு முறை, நீர் தேங்கும் பாத்திரங்களைக் கவிழ்ப்பதோடு நின்றுவிடாமல், உட்புறத்தைத் தேங்காய் நாராலோ துடைப்பத்தாலோ அழுத்தித் தேயுங்கள். புலிக்கொசு முட்டைகளை நீருக்குள் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்த நிலையிலேயே பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழைநீர் தொட்டதும் பொரிக்கும். தேய்க்கும்போது கறுப்பு மணல் துகள் போல விரலில் ஒட்டுபவை அந்த முட்டைகளே; அவற்றைச் சாக்கடையில் கழுவிவிடாமல் நீர் தேங்காத காய்ந்த மண்ணில் கொட்டி வெயிலில் விடுங்கள்.